மட்டையின் வேகமா, கண்ணின் வேகமா?

பேஸ்பால் பந்தயத்தில் பந்து வீசுகிறவர் நிற்கும் இடத்துக்கும், அடிக்கிறவரின் முன்னுள்ள தட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். 1893-ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்கப் பெரும் பந்தயங்களில் இந்தத் தூரம் மாறவில்லை. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அதைக் கடக்க ஏறத்தாழ 0.4 விநாடிதான் ஆகிறது. அதிலும் மட்டையைச் சுழற்றவே 0.15 விநாடி போய்விடும். எஞ்சிய கால் விநாடிக்குள் பந்தைப் பார்க்க வேண்டும். அடிப்பதா, விடுவதா என்று தீர்மானிக்கவும் வேண்டும்!

மட்டையை வேகமாகச் சுழற்றுகிறவருக்கு லாபம் இரண்டு. முதலாவது, தூரம். மட்டையின் வேகம் மணிக்கு ஒரு மைல் கூடினால், அடிபட்ட பந்தின் வேகம் சுமார் 1.2 மைல் கூடும். பந்து ஐந்தாறு அடி தள்ளிப்போய் விழும். இரண்டாவது, அவகாசம். சுழற்றும் நேரம் குறையக் குறைய, பந்தைப் பார்க்கும் நேரம் கூடுகிறது.

இந்த வேகத்தைப் பெறுவது எப்படி? வெறும் புஜபலம் போதாது. தரையை ஊன்றிய கால்களில் பிறக்கும் விசை இடுப்புக்கு ஏறி, மார்புக்கும் தோளுக்கும் வந்து, கடைசியில் கையின் வழியே மட்டையில் இறங்க வேண்டும். சாட்டையின் பிடியில் கொடுத்த வீச்சு அதன் நுனியில் சொடுக்காக வெடிப்பதைப் போலத்தான் இதுவும்.

வழக்கமான மட்டையைவிடச் சற்றே கனமானதையும், சற்றே இலேசானதையும் மாற்றி மாற்றிச் சுழற்றும் பயிற்சியால் வேகம் கூடுகிறது என்பதை ஹவாய் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கூப் டிரென் முதலியோர் ஆராய்ந்து சொன்னார்கள். இதில் 'சற்றே' என்ற சொல்தான் முக்கியம். 1960-களில் நியூயார்க் யாங்கீஸ் ஆட்டக்காரர் எல்ஸ்டன் ஹோவர்டின் பெயரோடு சேர்ந்து பரவிய ஒரு வளையம் உண்டு. உளுந்து வடை போல நடுவில் துளையுள்ள அந்தக் கனமான வளையத்தை மட்டையில் மாட்டிச் சுழற்றிவிட்டுப் பிறகு கழற்றினால், மட்டை இறகைப் போல் தோன்றும். ஆனால் அளந்து பார்த்தால் வேகம் கூடவில்லை. பல சோதனைகளில் குறைந்தே இருந்தது! மனம் சொல்வது வேறு, கருவி சொல்வது வேறு.

ஆகவே, அளப்பது நல்லதே. ஆனால் அளக்க முடிந்ததை மட்டுமே திறமை என்று எண்ணுவது நல்லதன்று. 2024-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் பேஸ்பால் நிர்வாகம் ஒவ்வோர் ஆட்டக்காரரின் மட்டை வேகத்தையும் வெளியிட்டு வருகிறது. அவ்வாண்டு முதலிடம் பெற்ற ஜியான்கார்லோ ஸ்டான்டனின் சராசரி வேகம் மணிக்கு சுமார் 81 மைல். பட்டியலின் அடியில் நின்றவர் லூயிஸ் அராயஸ். அவருடைய வேகம் 63 மைலுக்கும் குறைவு. ஆயினும் 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், மூன்று வெவ்வேறு குழுக்களுக்காக ஆடி, அடி சராசரியில் முதன்மைப் பட்டத்தைத் தட்டிச் சென்றவர் இந்த அராயஸ்தான்! அதற்காக ஸ்டான்டனைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. 2024 அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. வழி இரண்டு என்பதுதான் இதிலிருந்து பெறும் பாடம்.

இந்தப் பாடம் பெரியவர்களைவிடச் சிறுவர்களுக்கே அதிகம் தேவை. மட்டையின் பிடியில் பொருத்தும் சின்னஞ்சிறு கருவி இன்று பள்ளிப் பையன்களின் வேகத்தையும் கணக்கிட்டுச் சொல்கிறது. நேற்றைய எண்ணைவிட இன்றைய எண் பெரிதா என்பதே தந்தையின் கேள்வியாகிவிட்டால், பையன் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்கத் தொடங்குவான். வளரும் எலும்பும் தசையும் மிகைப் பளுவைத் தாங்கவும் மாட்டா.

பயிற்சி வேண்டும், வேகமும் வேண்டும். ஆனால் எந்தப் பந்தை அடிக்க வேண்டும் என்பதைக் கண் முதலில் கற்க வேண்டும். குறி தவறிய மட்டை எவ்வளவு வேகமாகச் சுழன்றால்தான் என்ன? காற்றுக்குத்தானே அடி!