துரைக்கு மட்டும் பேசும் சொல்வன்மை

புக்கித் தீமா சாலையில் 1928-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ராபிள்ஸ் கலாசாலையின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நெஞ்சு நிமிர்த்துவோர் நம்மவருள் இன்றும் பலர் உளர். அங்கு ஆங்கில இலக்கியமும் சொல்லலங்காரமும் பயின்றோரே அறிவாளிகள் என்பது அவர்தம் எண்ணம். ஆங்கிலப் பள்ளியிற் பயின்று, தோட்டக் கிராணியாக ஊழியம் பார்த்துவரும் நாம் அம்மொழியைப் பழிக்க வந்தோமல்லோம். அக்கல்வி நம்மவர்க்கு எதனைத் தாராது விட்டது என்று கேட்கவே வந்தோம்.

அக்கலாசாலை பட்டம் அளித்ததில்லை, டிப்ளோமாவே அளித்தது. அங்கே தேறியவரிற் பலர் ஆங்கிலப் பள்ளி உபாத்தியாயர்களாயினர். ஆங்கிலத்திற்கு 'ஜோகூர்ப் பேராசிரியர்' என்னும் தனிப் பதவி இருந்தது. ரானல்டு பாட்ரல் என்னும் ஆங்கிலக் கவிஞர் 1933 முதல் 1937 வரை அதனை வகித்தார். தமிழுக்கோ அங்கு ஒரு பதவியும் இல்லை.

"வீட்டிற் பேசும் மொழிக்குக் கலாசாலை எதற்கு?" என்பாரும் உளர். அவர்க்கு ஆங்கிலேயர் சரித்திரத்தையே விடையாகத் தருவோம். கிரேக்கமும் லத்தீனுமே உயர்கல்வியெனப் போற்றிய ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்திற்குத் தனிப் பட்டப்படிப்பு ஏற்பட்டது 1894-இல், கேம்பிரிட்ஜில் 1917-இல். தம் வீட்டுமொழியைக் கலாசாலைக்குள் கொணர அவர்களும் வாதாடியே வென்றனர். ஆங்கிலேயரைப் பின்பற்ற விழைவோர் இதிலன்றோ முதற்கண் பின்பற்றல் வேண்டும்?

அலங்காரம் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் உவமைக்கென்றே ஓர் இயலை வகுத்தது. தண்டியலங்காரம் உவமை, உருவகம், வேற்றுமை, தற்குறிப்பேற்றம் என அணிகளை நிரல்பட விளக்கிற்று. 'சிமிலி', 'மெட்டபர்' என ஒப்பித்த தமிழ் மாணவனுக்கு இவற்றின் பெயரையேனும் சொல்லிக்கொடுக்க அங்கு ஏற்பாடு இருந்ததா?

சொல்வன்மையாவது யாது? எதிரே நிற்பவன் உள்ளம் கொள்ளுமாறு பேசுதல். துரைக்கு விண்ணப்பம் வரையவும், துரையின் கட்டளையைக் கீழே இறக்கவும் மட்டும் உதவுவது பாதி வன்மையே. பெரட்டுக்களத்தில் தன் சம்பளக் கணக்கில் ஐயங்கொண்டு நிற்கும் தொழிலாளிக்கு அதனை அவன் மொழியில் விளக்க மாட்டாதவன் மில்டனை மனனம் செய்திருந்தும் அத்தொழிலாளிக்கு என்ன பயன்?

1949-இல் இக்கலாசாலையும் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கலாசாலையும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாயின. அங்கு 1956-இல் எழுந்த இந்திய இயல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமெனக் கோ. சாரங்கபாணி வாதாடினார். 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குப் பொதுமக்கள் வெள்ளி வெள்ளியாக ஈந்தனர். இலக்கிய வகுப்பின் வாயிலையே காணாத தொழிலாளரின் கைப்பொருளும் அதிற் சேர்ந்தது.

அவர்க்கு நாம் திருப்பித் தந்தது என்ன? உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. 1987 முதல் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஆங்கிலமே பொதுப் போதனாமொழி. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகவும் ஒரு பாடமாகவும் நிற்கிறது. அது போதுமென்று கற்றோர் அமைகின்றனர். ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையில் திரளும் தமிழ்நாட்டுத் தொழிலாளருள் ஒருவன், நஷ்டஈட்டுப் பத்திரமொன்றை நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது, ஐயா?" என்று கேட்பானாயின், அதனைத் தெளிந்த தமிழில் உரைக்க வல்லார் நம் இலக்கியப் பட்டதாரிகளுள் எத்துணைபேர்?

ஆங்கில இலக்கியம் கற்கும் தமிழ் மாணவர் தமிழ் அணிநூல் ஒன்றையும் அதே ஊக்கத்துடன் கற்க. கற்றதைத் தமிழ் மக்கள் முன் தமிழிலேயே பேசிப் பழகுக. பல்கலைக்கழகங்களும் இதற்கு வழிசெய்தல் வேண்டும். பெற்றோர்களே, மதிப்பெண்ணைக் கேட்கும் நீங்கள் இதனையும் கேளுங்கள். தொழிலாளியின் வெள்ளியை வாங்கிக்கொண்ட கல்வி அவனுக்கு விளங்கும் ஒரு வாக்கியமேனும் பேசக் கடமைப்பட்டது.