பயணத்தில் வாங்கி வரும் கலைப்பொருள்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் காலி, மாத்தறைப் பக்கம் வேனில் போய்வருவது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. போனால் வெறுங்கையோடு திரும்ப மனம் வராது. சென்ற விடுமுறையில் நாங்களும் போனோம். அம்பலாங்கொடையில் வேன் நின்றதுமே இளைய மகன் கடைக்குள் ஓடி, நாகராட்சத முகமூடி ஒன்றைப் பிடித்துக்கொண்டான். கதுரு மரத்தில் செதுக்கியது. தலைமேல் நாகங்கள் படமெடுத்து நிற்கின்றன.

"வாப்பா, சுவரில் மாட்டுவோமே!"

கைத்திறனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கலை, நோய் தரும் பேய்களென அவர்கள் நம்பும் பதினெட்டுச் சன்னிகளை ஆடி விரட்டும் சடங்கோடும் கோலம் நாடகத்தோடும் வளர்ந்தது. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்திலிருந்து திரும்பியபோது வீட்டில் உருவங்கள் கொண்ட திரை தொங்கக் கண்டு, அதனை அகற்றினார்கள். ஆயிஷா (றழி) அவர்கள் அதை வெட்டித் தலையணையாக்கிக் கொண்டார்கள். இதை மகனுக்கு வெளியே அழைத்துவந்துதான் சொன்னேன். பிறர் அழைத்துப் பிரார்த்திப்பவற்றை ஏச வேண்டாம் என்கிறது அல்குர்ஆன் (6:108). வாங்காமல் வருவது நம் உரிமை. செதுக்கியவர் முன்னால் முகஞ்சுளிப்பது எதற்கு?

அங்கிருந்து காலிக் கோட்டைக்குப் போனோம். ஒரு பெண் தலையணை போன்ற திண்டில் ஊசிகளைக் குத்தி, பீரலுக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு ரேந்தை பின்னிக்கொண்டிருந்தார். பூவும் இலையுந்தான், மார்க்கத்தில் தடையில்லை. உயிரற்றவற்றையும் மரத்தையும் வரையும்படி இப்னு அப்பாஸ் (றழி) அவர்களே ஓர் ஓவியருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மனைவி பேரம் பேசத் தொடங்கினார். கேட்ட விலையில் பாதிக்கு வந்துவிட்டார். இந்தத் துண்டைப் பின்ன எத்தனை நாள் என்று நான் கேட்டேன். "நாலு நாள்" என்றார் அந்தப் பெண், கையை நிறுத்தாமல்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. சற்று முன் மகனுக்குப் பயான் செய்தவன், ஒரு பெண்ணின் நாலு நாள் கூலி பாதியாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேரம் ஹறாமல்ல. தொழிற்சாலைச் சாமானுக்குத் தாராளமாகப் பேசுங்கள். ஆனால் வாங்கும்போதும் விற்கும்போதும் பெருந்தன்மையோடு நடப்பவருக்கு அல்லாஹ் அருள் புரியட்டும் என நபியவர்கள் பிரார்த்தித்ததை, உருவங்கள் பற்றிய ஹதீஸைச் சொல்லும் அளவுக்கு நாங்கள் மிம்பரில் சொல்வதில்லை.

கேட்ட தொகையையே கொடுத்தோம். அந்த ரேந்தை இப்போது மகளின் தொழுகை உடுப்பின் ஓரத்தில் இருக்கிறது. மகன்தான் இன்னும் முகமூடியை மறக்கவில்லை.