கல்நார்த் தூசியும் நஷ்டஈடும்

ஒரு தொழிலாளி தன் முதலாளியின் வேலையைச் செய்ததனாலேயே நோய்வாய்ப்பட்டு, அதற்காக அவனுக்கோ, அவன் செத்த பிறகு அவன் பெண்டு பிள்ளைகளுக்கோ ஏதாவது பணம் கொடுக்கப்படுமானால், அதற்கு "உதவித் தொகை" என்றும், "நிவாரணம்" என்றும், "கருணைத் தொகை" என்றும் பெயர் கொடுத்துப் பத்திரிகைகள் எழுதுவதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். கொடுக்கிறவர் நிமிர்ந்து சிரித்துக்கொண்டும், வாங்குகிறவர் குனிந்து கும்பிட்டுக்கொண்டும் இருக்கிற படமும் கூடவே வரும். கடன் வாங்கினவன் கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது எந்த ஊரிலாவது படம் பிடிப்பதுண்டா என்று கேட்கின்றோம். ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நாரினால் நோயடைந்தவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கும் விஷயத்தில் சுமார் நூறு வருஷத்து அனுபவமுள்ள தேசம் இங்கிலாந்து. அங்கு நடந்திருக்கும் காரியங்களைப் பார்த்தால், இது தர்மமா அல்லது கடனா என்பதும், அந்தக் கடனைத் தள்ளிப்போட எத்தனை விதமான சாக்குகள் உண்டு என்பதும் நன்றாய் விளங்கும்.

கல்நார் என்பது பூமியிலிருந்து வெட்டி எடுக்கப்படும் ஒருவிதக் கல். பஞ்சைப் போல் பிரித்து நூலாய் நூற்கலாம். நெருப்புக்கு எரியாது. அதனால் கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்க்கும் மேல் உறையாகவும், மோட்டார் வண்டிகளின் பிரேக்கிலும், சிமெண்டோடு கலந்து கூரைத் தகடாகவும் உபயோகிக்கப்பட்டது. அதன் தூசி கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாய் மூச்சோடு போய் நுரையீரலில் தைத்து அங்கேயே தங்கிவிடும். நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகி மூச்சு அடைப்பது ஆஸ்பெஸ்டாஸிஸ் என்னும் நோய். இதல்லாமல் நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலை மூடியிருக்கும் சவ்வில் உண்டாகும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோயும் வரும். இந்தக் கடைசி நோய் தூசியைச் சுவாசித்த அன்று வராது. 30, 40 வருஷம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று வரும். வந்தால் பெரும்பாலோர் சுமார் ஒரு வருஷத்திற்கு மேல் தாக்குவதில்லை. இந்த இரண்டு கணக்கையும், அதாவது வருவதற்கு 40 வருஷம், வந்தபின் ஒரு வருஷம் என்பதை, வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். எல்லாச் சாக்குகளும் இந்தக் கணக்கைக் கொண்டே நடந்திருக்கின்றன.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் டர்னர் பிரதர்ஸ் என்ற கல்நார்த் தொழிற்சாலையில் நெல்லி கெர்ஷா என்ற ஒரு அம்மாள் நூல் நூற்று வந்தார். சிறு வயதிலிருந்தே ஆலை வேலை. 1922-ம் வருஷம் மூச்சு வாங்க முடியாமல் வேலையை விட்டார். கல்நார் விஷத்தினால் வந்த நோய் என்று டாக்டர் சர்ட்டிபிகேட்டும் கொடுத்தார். சர்க்கார் சுகாதார இன்ஷ்யூரன்சில் பணம் கேட்டார். இது தொழிலினால் வந்த நோயானதால் நாங்கள் கொடுக்க முடியாது, முதலாளியைப் போய்க் கேள் என்றார்கள். முதலாளியைப் போய்க் கேட்டார். அப்படியொரு நோய் சட்டத்தின் அட்டவணையிலேயே இல்லை, ஆகவே நாங்கள் கொடுக்க வேண்டியதில்லை என்றார்கள். நோய் தொழிலினால் வந்தது என்பதற்காக ஒரு கதவு சாத்தப்பட்டது. தொழிலினால் வந்ததல்ல என்பதற்காக மற்றொரு கதவு சாத்தப்பட்டது. இடையில் நின்ற அந்த அம்மாள் 1924-ம் வருஷம் மார்ச்சு மாதம் 14-ந் தேதி தமது 33-வது வயதில் இறந்துபோனார். ஒரு பெண் குழந்தை தாயில்லாமல் நின்றது. சவ அடக்கச் செலவுக்காவது ஏதேனும் கொடுங்கள் என்று கேட்டதற்கும், ஒருவருக்குக் கொடுத்தால் அதுவே வழக்கமாகிவிடும் என்று கம்பெனியார் மறுத்துவிட்டார்கள். நுரையீரலைப் பரிசோதித்துப் பார்த்த டாக்டர் குக் என்பவர் அதில் கல்நார்த் துணுக்குகள் இருப்பதைக் கண்டு அந்த வருஷமே பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். அந்த அம்மாள் செத்துக் கொடுத்த சாட்சியம் அது.

கொடுத்தால் வழக்கமாகிவிடும் என்ற பயம் ஒருவருக்கு எப்போது வரும்? கொடுக்க வேண்டியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே வரும்! கொடுக்க மறுத்த அந்தக் காரணமே ஒரு வாக்குமூலம் என்றுதான் நாம் சொல்லுவோம்.

பிறகு சர்க்கார் விசாரித்தது. மெரிவெதர், பிரைஸ் என்ற இரண்டு அதிகாரிகள் 363 தொழிலாளிகளைப் பரிசோதித்து 1930-ல் வெளியிட்ட அறிக்கையில், கால்வாசிப் பேருக்கு நுரையீரல் தழும்பேறியிருந்ததென்றும், 20 வருஷத்திற்கு மேல் வேலை செய்தவர்களிலோ நூற்றுக்கு 80 பேருக்கு அப்படி என்றும் கண்டது. அதன்மேல் 1931-ல் தூசியைத் தடுக்க விதிகளும், நோயாளிக்கு நஷ்டஈடு கொடுக்க ஒரு திட்டமும் வந்தன. ஆனால் யாருக்கு? கல்நாரை உடைத்துச் சிக்கெடுத்து நூற்று நெய்யும் தொழிற்சாலைகளில் இன்னின்ன வேலை செய்தவர்கள் என்று எழுதி வைத்த ஜாபிதாவுக்குள் வந்தவர்களுக்கு மாத்திரம். அதே கல்நாரைக் கப்பல் கட்டுமிடத்தில் குழாய்க்குச் சுற்றினவனுடைய நுரையீரல் வேறு மாதிரியான நுரையீரலா? அவன் மூச்சில் போகும்போது தூசியானது, "இது ஜாபிதாவில் இல்லாத இடம்" என்று பார்த்து விலகிப்போகுமா? அட்டவணையில் நோய் இல்லை என்பது முதல் சாக்கானால், அட்டவணையில் நீ இல்லை என்பது இரண்டாவது சாக்கு.

1960-ல் தென் ஆப்பிரிக்காவின் கல்நார்ச் சுரங்கப் பிரதேசத்தில் 33 பேருக்கு மீசோதீலியோமா கண்டது. அவர்களில் பலர் சுரங்கத்தில் இறங்கினவர்களேயல்ல, அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள். 1965-ல் லண்டனிலும் இதே சங்கதி வெளியாயிற்று. புருஷன் வேலையிலிருந்து கொண்டுவந்த அழுக்குத் துணியைத் துவைத்த பெண்சாதிகளுக்கும், தொழிற்சாலைக்கு அரை மைலுக்குள் வசித்தவர்களுக்கும் நோய் வந்திருந்தது. 1966-ல் இந்நோய் தொழில்நோய் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. துணி துவைத்தவளுக்கோ கூலியில்லாதது போலவே நஷ்டஈட்டுச் சட்டமுமில்லை. தொழிற்சாலைக்கு வெளியே தூசி பட்டவர்களுக்கும் சர்க்கார் மொத்தத் தொகை கொடுக்கலாம் என்ற ஏற்பாடு 2008-ம் வருஷம் அக்டோபரில்தான் வந்தது. விஷயம் தெரிந்து 43 வருஷம்! அதற்குள் துணி துவைத்தவர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

மூன்றாவது சாக்குத்தான் மகா கெட்டிக்காரத்தனமானது. ஒருவன் நாலைந்து முதலாளிகளிடம் மாறி மாறிக் கல்நார் வேலை செய்திருப்பான். 40 வருஷம் கழித்து நோய் வந்து வழக்குப் போட்டால், எல்லா முதலாளிகளும் ஒரே குரலாய், "எங்களிடம் தூசி இருந்தது வாஸ்தவம், நாங்கள் அஜாக்கிரதையாய் இருந்ததும் வாஸ்தவம், ஆனால் நீ சாவதற்குக் காரணமான தூசி எங்களுடையதுதான் என்று ருசுப்படுத்து" என்பார்கள். நம் கொல்லையில் ஒரே இரவில் நாலு பேருடைய மாடுகள் இறங்கிக் கதிர்களையெல்லாம் மேய்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுவோம். விடிந்ததும் பஞ்சாயத்தில் நாலு பேரும் வந்து, எந்தக் கதிரை எந்த மாடு தின்றது என்று காட்டினால்தான் பணம் கொடுப்போம் என்றால், எந்தப் பஞ்சாயத்தாராவது அதை ஒப்புக்கொள்ளுவார்களா? ஆனால் 2001-ல் லண்டன் அப்பீல் கோர்ட்டு அதை ஒப்புக்கொண்டது! 2002-ல் பேர்சைல்டு வழக்கில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் இதைத் தள்ளி, அபாயத்தை அதிகப்படுத்தின ஒவ்வொரு முதலாளியும் ஜவாப்தாரி என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2006 மே மாதம் அதே சபை, ஒவ்வொருவரும் தன் தன் பங்குக்கு மாத்திரம் கொடுத்தால் போதும் என்று குறைத்தது. அதாவது நாலு முதலாளிகளில் மூவர் திவாலாகியிருந்தால் முக்கால் பங்கு நஷ்டம் நோயாளி தலையில் என்று அர்த்தம். தொழிற் சங்கத்தாரும் நோயாளிகளின் குடும்பத்தாரும் போட்ட கூச்சலில், மூன்று மாதம் ஆவதற்குள் ஜூலை 25-ந் தேதி பார்லிமெண்டு சட்டம் செய்து, மீசோதீலியோமா நோயாளி முழுத் தொகையையும் யாராவது ஒரு முதலாளியிடமே வாங்கிக்கொள்ளலாம், முதலாளிகள் தங்களுக்குள் பிறகு பங்கிட்டுக்கொள்ளட்டும் என்று முடிவு கட்டியது. கூச்சல் போடாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பதையும் சொல்லவேண்டும்.

நாலாவது சாக்கு, "கம்பெனியே இப்போது இல்லை" என்பது. 40 வருஷத்தில் எத்தனையோ கம்பெனிகள் கலைந்துபோகும், பெயர் மாறும், விற்கப்படும். டர்னர் கம்பெனியின் வாரிசான டர்னர் அண்டு நியூவால் 2001-ல் திவால் நிர்வாகத்திற்குப் போயிற்று. அமெரிக்காவில் ஜான்ஸ் மான்வில் என்ற மகா பெரிய கல்நார்க் கம்பெனி, வியாபாரம் நன்றாய் நடந்துகொண்டிருக்கும்போதே, வரப்போகும் வழக்குகளுக்குப் பயந்து 1982-ல் மஞ்சள் கடிதாசு கொடுத்தது. நோயாளிகளுக்கென்று பிறகு ஒரு நிதி ஏற்பட்டது. அதுவும் போதாமல், தீர்மானித்த தொகையில் நூற்றுக்குப் பத்து வீதமும், 2001 முதல் அதிலும் பாதியுமாய்க் கொடுக்க வேண்டியதாயிற்று. இலாபத்தைப் பங்குக்காரர்கள் எடுத்துக்கொண்டபோது நூற்றுக்குப் பத்து என்று யாரும் குறைக்கவில்லை.

இங்கிலாந்தில் இதற்கு 1979-ல் ஒரு சட்டம் வந்தது. வழக்குப் போட முதலாளி இல்லாத தூசி நோயாளிக்குச் சர்க்காரே ஒரு மொத்தத் தொகை கொடுக்கிறது. இது வந்த விதம் வேடிக்கையானது. அப்போதிருந்த மந்திரி சபைக்குப் பார்லிமெண்டில் ஓட்டுப் போதவில்லை. வேல்ஸ் நாட்டுக் கட்சி அங்கத்தினர்கள் தங்கள் நாட்டுப் பலகைக்கல் சுரங்கத் தொழிலாளிகளுக்காக இதை நிபந்தனையாய்க் கேட்டு வாங்கினார்கள். அதன் பயன் கல்நார் நோயாளிகளுக்கும் கிடைத்தது. கருணை செய்யாததை ஓட்டுச் செய்தது. 2014-ல் மற்றொரு சட்டத்தின்படி, முதலாளியும் அவர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியும் அகப்படாத மீசோதீலியோமாக்காரருக்கு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து வரி கட்டிக் கொடுக்கவேண்டும் என்று ஏற்பட்டது. சந்தாவை வாங்கிப் பெட்டியில் போட்டவர்கள் தஸ்தாவேஜு தொலைந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்ததற்கு இது சரியான மருந்து. அதிலும் முதலில் கோர்ட்டில் கிடைக்கக்கூடியதில் நூற்றுக்கு 80 என்று வைத்து, பிறகு 2015 பிப்ரவரி 10 முதல் நோய் கண்டவர்களுக்குத்தான் முழுத் தொகை என்றார்கள். 2012 ஜூலை 25-க்கு முன் நோய் கண்டவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பெஸ்டாஸிஸ்காரருக்கும் அதில் இடமில்லை.

இவ்வளவும் போக வாரந்தோறும் கொடுக்கும் தொழில்நோய்ச் சம்பளமும் அங்கு உண்டு. மீசோதீலியோமா என்றால் நூற்றுக்கு நூறு ஊனம் என்று வைத்து, காத்திருக்கச் சொல்லாமல் கொடுக்கிறார்கள். லண்டன் உயர்நீதி மன்றத்தில் இந்நோய் வழக்குகளுக்கென்று ஒரு முறை இருக்கிறது. நோயாளி பக்கம் ஆதாரம் காட்டியதும், "ஏன் தீர்ப்புச் சொல்லக்கூடாது, காரணம் காட்டு" என்று பிரதிவாதியைக் கேட்டு, காரணம் இல்லாவிட்டால் முன்பணம் வாங்கிக் கொடுக்கிறார்கள். ஒரு வருஷம் உயிரோடிருக்கப் போகிறவனுக்கு ஐந்து வருஷ வாய்தா என்பது நீதியல்ல என்று தெரிந்து செய்த ஏற்பாடு. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

பாராட்ட முடியாததும் உண்டு. சர்க்கார் கொடுக்கும் மொத்தத் தொகையை நோயாளி உயிரோடிருக்கும்போது கேட்டால் ஒரு அளவு. கேட்பதற்குள் செத்துப்போய்ப் பெண்சாதி கேட்டால் அதைவிட மிகக் குறைந்த அளவு. சாவதினால் கடன் குறையுமா? உலகத்தில் எந்த லேவாதேவிக்காரனாவது, கடன் கொடுத்தவன் செத்தால் வாரிசுக்குக் குறைத்துக் கொடு என்று பத்திரத்தில் எழுத ஒப்புவானா? இதனால் ஏற்படும் பலன், மருத்துவரோ அதிகாரியோ தாமதம் செய்தால் அந்தத் தாமதத்தில் பணம் மிச்சமாகிறது என்பதே. வருஷம் 2,000 பேருக்கு மேல் இந்த ஒரு நோயினால் அங்கு சாகிறார்கள். கல்நாரையோ அவர்கள் 1999-லேயே அடியோடு தடுத்தாய்விட்டது. அப்படியிருந்தும் சாவு நிற்கவில்லையென்றால், 40 வருஷக் கணக்கு எப்படிப்பட்டதென்பது விளங்கும்.

நிற்க, நமது தேசத்து விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இதே டர்னர் அண்டு நியூவால் பம்பாயிலும் தொழிற்சாலை வைத்து நடத்தியிருக்கிறது. வெள்ளைக் கல்நார் இன்றைக்கும் கப்பல் கப்பலாய் நம் தேசத்துக்கு வந்து கூரைத் தகடாகிறது. 1995-ம் வருஷம் ஜனவரி மாதம் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அகமதாபாத் நுகர்வோர் சங்கத்தார் போட்ட வழக்கில், தொழிலாளியின் ஆரோக்கியமும் அவன் உயிர் வாழும் உரிமையில் சேர்ந்ததே என்று சொல்லி, நோய் ருசுவானவர்களுக்கு 1 லட்ச ரூபாய் கொடுக்கவேண்டுமென்றும், ஒவ்வொரு கல்நார்த் தொழிலாளியின் உடல்நிலைக் குறிப்பையும் வேலையில் சேர்ந்தது முதல் 40 வருஷமோ, விலகியபின் 15 வருஷமோ, எது பிந்தியதோ அதுவரையில் வைத்திருக்க வேண்டுமென்றும் உத்தரவிட்டது. அந்த நாற்பது என்ற எண்ணைப் போட்டவர்களுக்கு நோயின் கணக்குத் தெரிந்திருக்கிறது. நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் நோயின் பெயர் இருந்தது. 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் அது விடுபடவில்லை. எனவே நெல்லி கெர்ஷாவுக்குச் சொன்ன சாக்கை இங்கு யாரும் சொல்ல முடியாது.

ஆனால் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமலல்லவா இருக்கிறது! காண்டிராக்டர் மூலம் மூன்று மாதம் வேலை செய்து போனவனுக்கு எந்தப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது? தகட்டை இரம்பத்தால் அறுத்துக் கூரை போடுகிறவனும், பழைய கூரையை உடைத்துத் தட்டில் வாரிச் சுமக்கிற சித்தாளும் எந்தத் தொழிற்சாலைக் கணக்கில் சேர்ந்தவர்கள்? 40 வருஷம் கழித்து அவர்களுக்கு மூச்சு வாங்கினால், கிராமத்து ஆஸ்பத்திரியில் ஆஸ்துமா என்றோ, பீடி குடித்ததன் பலன் என்றோ எழுதிக் கொடுத்து அனுப்பினால் தடுக்க யார் இருக்கிறார்கள்? உத்தரவிட்ட குறிப்போ முதலாளியின் பெட்டியில் இருக்கிறது. கடன் பத்திரத்தைக் கடன்காரனிடமே கொடுத்து வைத்திருக்கச் சொன்னது போன்ற ஏற்பாடு இது.

ஆகையால் தொழிற் சங்கத் தோழர்கள் முதல் காரியமாகக் கேட்க வேண்டியது, அந்தக் குறிப்பின் ஒரு பிரதி தொழிலாளியின் கையிலேயே கொடுக்கப்பட வேண்டும், கொத்தனார் சித்தாள் முதலியவர்களுக்கும் நலவாரியச் சீட்டிலேயே அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதாகும். மார்பில் எக்ஸ்ரே எடுத்த தேதியும், எந்த முதலாளியிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரையில் கல்நார்த் தூசியில் நின்றான் என்பதும் அதில் இருந்தால் போதும்.