படகின் மெய்யெடை

மழைக்கால மீன்பிடித் தடை நிலவும் ஜூன், ஜூலை மாதங்களில், மும்பைக் கரையோரங்களில் படகுகளைப் பழுதுபார்க்கக் கரையேற்றுவது வழக்கம். செம்பூரை அடுத்த மாஹுல் முதலிய மீனவர் ஊர்களை நாம் அறிவோம்.

நீரில் மிதக்கையில் ஒரு கழியால் நகரும் படகு, கிரேனில் தொங்கியதும் தன் முழுப் பாரத்தையும் காட்டிவிடும். ஏட்டில் கண்ட எடை பெரும்பாலும் வெறும் படகின் எடையே. தொட்டியில் 500 லிட்டர் டீசல் இருப்பின் அது ஏறத்தாழ 420 கிலோ. 300 லிட்டர் குடிநீர் 300 கிலோ. வலை, நங்கூரம், அடியில் தேங்கிய நீர், மரம் உறிஞ்சிய ஈரம் யாவும் சேர்ந்தால், 5 டன் என்று எண்ணிய படகு 6 டன்னை எட்டிவிடும். கிரேனின் கை நீள நீள, அதன் தாங்குதிறனோ குறைந்துகொண்டே போகும்.

ஆதலின், துறைமுகத்திலும் பட்டறையிலும் உழைக்கும் நம் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே: நீரை வடியுங்கள், வலையை இறக்குங்கள், ஒரு சாண் உயர்த்தி நிறுத்தி, எடைகாட்டியைப் பார்த்த பின்னரே மேலே தூக்குங்கள். "சென்ற முறை தாங்கிற்றே" என்னும் சொல்லை நம்ப வேண்டா. தொங்கும் படகின் கீழ் எவரும் நிற்கலாகாது. தாராவியிலோ மாட்டுங்காவிலோ ஓர் இல்லம் விளக்கேற்றி உங்களுக்காகக் காத்திருக்கிறது.