துறையின் தகுதியும் தசமப் புள்ளியும்

கணிதமும் கணினி இயலும் ஐயத்துக்கு இடமற்ற சாஸ்திரங்களாதலால், அவற்றைப் போதிக்கும் துறையின் லட்சியங்களை எண்களாக எழுதி, அவை எவ்வளவு நிறைவேறின என்பதையும் எண்களாலேயே நிர்ணயித்துவிடலாம் என்றொரு அபிப்பிராயம் இன்று சர்வகலாசாலைகளில் வேரூன்றி நிற்கிறது. 1954-இல் ஸ்ரீ வேங்கடேசுவர சர்வகலாசாலையையும், 1983-இல் பத்மாவதி மகளிர் சர்வகலாசாலையையும், 2015-இல் ஐ.ஐ.டி.யையும் ஐசர் என்னும் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தையும் பெற்ற திருப்பதியிலும், அதை அடுத்த சித்தூர்ச் சீமையிலும் இக்கொள்கையை மறுப்பார் அரியர். மதிப்பீடே வேண்டாமென்பது என் கட்சியன்று. இக்கொள்கை தன்னைத் தாங்குவதாக நம்பும் தூண்கள் தாங்கவில்லை என்பதே என் வாதம்.

கணக்கில் விடை ஒன்று சரி, அல்லது தவறு. ஆகையால் மதிப்பெண் மாணவனது அறிவின் துல்லியமான பிரதிபிம்பம் என்பது முதல் வாதம். (இவ்விடத்தில் பரீட்சையில் தவறிய இராமானுஜனைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம், அவருக்கு இம்முறை ஓய்வளிப்போம்.) கேம்பிரிட்ஜின் டிரைபாஸ் என்னும் கணிதப் பரீட்சையில் தேறியவர்களை முதலாமவர், இரண்டாமவர் என வரிசைப்படுத்தி அறிவிக்கும் முறை நெடுங்காலம் நிலவியது; 1899-இல் நம் நாட்டு ரகுநாத் புருஷோத்தம் பராஞ்சபே அவ்வரிசையின் முதலிடத்தை மற்றொருவரோடு பகிர்ந்துகொண்டார். எண்ணால் அளப்பதில் அதனினும் கண்டிப்பான பரீட்சையைக் காண்பது அரிது. ஆயினும் விளைந்தது என்ன? தனிப் பயிற்சியாளர்கள் தந்திரக் கணக்குகளை விரைந்து போடப் பழக்கினார்கள். ஐரோப்பாவில் வளர்ந்துகொண்டிருந்த நுண்பகுப்பியலின் கண்டிப்போ அம்மாணவர்களை எட்டிப் பார்க்கவில்லை. 1898-இல் அவ்வரிசையில் நான்காம் இடம் பெற்ற கணிதவியலர் ஹார்டியே அதைச் சீர்திருத்தப் போராடியவர்களுள் ஒருவர். 1909-க்குப் பின் அவ்வரிசை வெளியிடப்படவில்லை.

இரண்டாவது, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் என்.பி.ஏ., நாக் குழுக்களின் முன் வைக்கப்படும் அடைவு அட்டவணை. ஒவ்வொரு பாடத்துக்கும் சில பயன்கள், பட்டப்படிப்பு முழுமைக்கும் சில பயன்கள் என எழுதி, இன்ன பாடப்பயன் இன்ன படிப்புப்பயனுக்கு எவ்வளவு துணைசெய்கிறது என்று 1, 2, 3 என இலக்கமிட்டு, சராசரி கண்டு, 2.37 என்பதுபோல் தசமப் புள்ளியோடு முடிப்பது இதன் முறை. ஆசிரியர்கள் இதைச் சுருக்கமாக 'மேப்பிங்' என்பார்கள். இங்கே 1, 2, 3 என்பவை குறைவு, நடுத்தரம், மிகுதி என்னும் தரங்களுக்கு இட்ட பெயர்களே. முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே பின்னிரண்டுக்கும் இடையில் உண்டென்று எவரும் அளந்து கண்டதில்லை. அத்தகைய இலக்கங்களைக் கூட்டி வகுப்பது, புள்ளியியலின் முதற்பாடத்திலேயே மாணவனுக்கு விலக்கப்படும் பிழை; அப்பிழையை ஆண்டுதோறும் செய்து கையொப்பமிடுமாறு கணிதத் துறையையே பணித்திருப்பதைத்தான் வேடிக்கை என்பேன்.

அவ்வட்டவணையில் இடும் அடைவு நிலை எப்படி வருகிறதென்றும் பார்ப்போம். அறுபது பேர் படிக்கும் வகுப்பில், இலக்கு மதிப்பெண்ணை 60 என வைத்தபோது 42 பேர் எட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுபது விழுக்காட்டினர் எட்டினால் இரண்டாம் நிலை, எண்பது எட்டினால் மூன்றாம் நிலை என்பது விதியானால், துறைக்குக் கிடைப்பது 2. இலக்கை 50-ஆகத் தாழ்த்த, 48 பேர் எட்ட, துறை 3-க்கு உயர்கிறது. ஒரு மாணவனும் ஒரு தேற்றமும் கூடுதலாகக் கற்கவில்லை. இலக்கை நிர்ணயிப்பது பெரும்பாலும் துறையே என்பதை நினைவிற்கொண்டால், இவ்வுயர்வுக்கு யார் பொறுப்பு என்பதும் விளங்கும்.

கணினி இயலாருக்கோ அளவீட்டின் வரம்பு இன்னும் நெருங்கிய விஷயம். எந்த நிரலும் முடிவுறுமா, முடிவுறாதா என்று தீர்ப்புச் சொல்லவல்ல பொதுவழி இல்லையென்று 1936-இலேயே கணிதவியலர் டூரிங் நிறுவிவிட்டார். சோதனைகள் எத்தனை வைத்தாலும் நிரல் பிழையற்றதென்று அவை மட்டும் காட்டிவிட முடியாதென்று தம் வகுப்பிலே போதிப்பவர்கள், ஒரு தலைமுறையின் கல்விக்கு நற்சான்று தர ஓர் அட்டவணை போதும் என்று நம்புவது எங்ஙனம்?

வேலை பெற்றவர் தொகையே இறுதிப் பிரமாணம் என்பாரும் உளர். பெங்களூருக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட சித்தூரில் அவ்விரு நகரங்களின் நிறுவனங்கள் ஆளெடுக்கும் ஆண்டில் துறை சிறந்ததாகவும், கதவடைக்கும் ஆண்டில் தாழ்ந்ததாகவும் தோன்றும். அது சந்தையின் வரலாறு, துறையின் வரலாறன்று. மேலும், நகரி என்னும் ஊரில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசி வளர்ந்து, கல்லூரியில் கணித எல்லையின் (limit) இலக்கணத்தை ஆங்கிலத்தில் முதன்முறை எதிர்கொள்ளும் மாணவி மூன்றாண்டில் கடந்த தூரத்தை, கடினமான நுழைவுத்தேர்வால் சலித்தெடுக்கப்பட்டவன் கடந்த தூரத்தோடு ஒப்பிட அத்தொகையில் இடமே இல்லை. எங்கிருந்து புறப்பட்டார்கள் என்பதை எழுதிவைக்காத துறை, எங்கே சேர்ந்தார்கள் என்று பறைசாற்றுவதில் பயனில்லை.

பின் எப்படித்தான் மதிப்பிடுவது? வருகை தரும் குழுவினர் கோப்புகளோடு கழிக்கும் பொழுதில் ஒரு பாதியையேனும் கரும்பலகையின் முன் கழிக்கட்டும். குலுக்கலில் வந்த மாணவனை ரோலின் தேற்றத்தை நிறுவச் சொல்லி, சார்பு இடைவெளியின் உள்ளே எங்கும் வகையிடத்தக்கது என்னும் நிபந்தனையை நீக்கினால் என்ன நேரும் என்று வினவட்டும். அவன் எழுதிய நிரலை வரிவரியாக விளக்கச் சொல்லட்டும். திருத்தப்பட்ட விடைத்தாள்கள் சிலவற்றை வெளியூர் ஆசிரியர் ஒருவர் மறுபடி வாசிக்கட்டும். இது பரிசோதகரின் சொந்த அபிப்பிராயத்துக்கு இடமளிக்கும் என்று ஆட்சேபிப்பார்கள். அளிக்கும்; ஆனால் அந்த அபிப்பிராயத்தின் கீழ் ஒருவர் பெயர் இருக்கும், அவரைக் காரணம் கேட்கவும் முடியும்; 2.37-ஐ யாராலும் கேள்வி கேட்க முடிவதில்லை.