வீடியோ நாடாவும் வீட்டுக் கணினியும்

நம்மவர் இல்லங்களில் நெடுநாளாக வேரூன்றிய வழக்கமொன்றுண்டு. யாதானுமொரு யந்திரம் ஏவியவாறு இயங்காதொழியுமாயின், முதுமையே அதன் நோயெனத் தீர்ப்புக் கூறி, அதனைப் பரண்மேலேற்றிவிட்டுப் புதியதொன்றை வாங்கி வருவர். கிரைண்டருக்கும் மின்விசிறிக்கும் இவ்வழக்கத்தாற் பெருந்தீங்கு விளையாது, பொருட்செலவோடு போம். காம்கார்டர் எனப்படும் கைவீடியோக் காமிராவின் திறத்திலோ அவ்வாறன்று. அதனைப் பரணேற்றும்போது, அதனுட் சுழலும் நாடாக்களிற் பதிந்துள்ள முகங்களையும் குரல்களையும் உடன் பரணேற்றி விடுகின்றோம். நாடா இன்னும் நலமாகவே இருக்கின்றது. அதனைக் கணினிக்குக் கொண்டுசேர்க்கும் வழிதான் ஆண்டுக்காண்டு அடைபட்டு வருகின்றது. ஆதலின், பழைய காமிராவும் பழைய கணினியும் இயங்குநிலையில் உள்ள இக்காலத்திலேயே அவ்வழியைச் செப்பஞ் செய்துகொள்ளல் வேண்டுமென்பதே என் கருத்து. இக்கருத்து எனக்கு உண்டானதற்கு ஒரு காரணமுண்டு.

எமது கலாசாலையில் நெடுங்காலந் தமிழ் கற்பித்த பேராசிரியர் ஒருவர் 2003ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றனர். அவர் பிரியாவிடை உபசாரத்தின்போது ஆற்றிய சொற்பொழிவை மாணவரொருவர் மினி-டீவீ கேசட்டிற் பதிவு செய்தனர். பேராசிரியர் இப்போது நம்மோடில்லை. அவர் புதல்வியார் சென்ற ஆண்டு அக்கேசட்டையும் அதனைப் பதிந்த காமிராவையும் ஒரு துணிப்பையிலிட்டு என்னிடங் கொணர்ந்து, “அப்பா பேசினதை ஒரு தரம் கேட்டாற் போதும், அண்ணா” என்றனர். அதற்குமுன் கடையொன்றிற் கொடுத்துப் பார்த்தனராம். கணினியில் ஒன்றும் வரவில்லையென்றும், காமிரா செத்துவிட்டதென்றும், நாடாவிற் பூஞ்சை பற்றியிருக்குமென்றும் கடைக்காரர் சொல்லித் திருப்பித் தந்தனராம்.

வைத்தியன் நாடி பார்ப்பதுபோல், இத்தகைய பழுதில் முதற்கண் நோக்கத்தக்கது ஒன்றே. காமிராவைக் கணினியோடு இணையாமலே, அதன் சிறு திரையில் நாடா ஓடுகின்றதா? ஓடுமாயின் காமிராவும் நாடாவும் குற்றமற்றவை. குற்றம் இரண்டுக்கும் இடையிலேயோ கணினியிலேயோ உளது. ஓடாதாயின் கணினியைக் குடைந்து பயனில்லை. படஞ் சதுரஞ் சதுரமாகச் சிதைந்து தோன்றினால், நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியில் அழுக்குப் படிந்திருக்கலாம். அதற்கெனவுள்ள துப்புரவுக் கேசட்டைச் சில நொடிகள் மட்டும் ஓடவிட்டாற் பெரும்பாலும் தெளியும். இவ்வொரு சோதனையைச் செய்யாமலே எத்தனை காமிராக்கள் செத்தனவாகச் சொல்லப்பட்டனவோ! யான் கேசட்டை இட்டு, காமிராவைப் படமெடுக்கும் நிலையினின்று நாடா ஓடும் நிலைக்கு மாற்றினேன். மூன்று விரற்கிடை அகலமுள்ள திரையில் எம்மாசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றனர். அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டனர்.

அங்ஙனமாயின் கடையில் ஏன் வரவில்லை? காமிராவின் விலாவில் இருமுனைகள் இருந்தன. ஒன்று யாவரும் அறிந்த யுஎஸ்பி. மற்றொன்று அதனினுஞ் சிறிய நான்கு ஊசி முனை. கடைக்காரர் முன்னதிற் கேபிளைச் செருகினார். அம்முனையோ காமிராவின் மெமரி கார்டிலுள்ள அசையாப் படங்களுக்கென அமைந்தது. நாடாவிலுள்ள வீடியோ அவ்வழியே வாராது. தெருவாயிலில் நின்றுகொண்டு, கொல்லைப்புறத்தில் இருப்பவரைக் காணவில்லையே என்று வருந்துவது போன்றது இது.

இதனை விளங்கிக்கொள்ளச் சிறிது சரித்திரம் வேண்டும். டிஜிட்டல் நாடாக் காமிராக்கள் பொதுமக்கள் கைக்கு வந்தது 1995ஆம் ஆண்டில். அவ்வாண்டிலேயே ஐஇஇஇ 1394 என்னும் இணைப்பு முறையும் நியமமாக வகுக்கப்பட்டது. ஆப்பிள் கம்பெனியார் அதனை ஃபயர்வயர் என்றனர், சோனியார் ஐ.லிங்க் என்றனர், பிறர் டிஜிட்டல் வீடியோவின் முதலெழுத்துகளை மட்டும் முனையருகே பொறித்தனர். ஒரே பொருளுக்கு மூன்று பெயர் வழங்கியதே பாதிக் குழப்பத்திற்குக் காரணமென்பேன். நாடாவினின்று நொடிக்கு 25 மெகாபிட் அளவில் வீடியோ பெருகும்; ஒலியும் பிறவுஞ் சேர, ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 13 கிகாபைட்டை நிரப்பும். அக்காலத்து யுஎஸ்பியோ நொடிக்கு 12 மெகாபிட்டே சுமக்க வல்லது. ஆதலின் வீடியோவுக்கு ஃபயர்வயரும், அசையாப் படத்துக்கு யுஎஸ்பியுமெனத் தொழில் பிரிந்தது. 2000ஆம் ஆண்டில் யுஎஸ்பி வேகம் பன்மடங்கு மிகுந்த பின்னும், நாடாக் காமிராக்களுட் சிலவே தம் வீடியோவை அதன்வழி விட்டன.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறாதிருத்தற்கியலாது. ஒருபுறம் யுஎஸ்பி முனையும் மறுபுறம் ஃபயர்வயர் முனையும் உடைய மலிவான கேபிள்களும் இணைப்பான்களும் விற்கப்படுகின்றன. அவற்றால் நாடா வீடியோ வாராது. இரண்டும் வெவ்வேறு மொழி பேசுவன. இடையில் மொழிபெயர்ப்பாளனின்றி, செம்புக்கம்பி மட்டும் கிடந்து யாது செய்யும்? முனை பொருந்துவதனாலேயே இணைப்பு ஆகிவிட்டதென்று நம்பி ஏமாறுவோர் பலர். யானும் அவருள் ஒருவனாயினேன் என்பதை மறைப்பானேன்?

கணினிப்புறத்து ஃபயர்வயர் முனை பெரும்பாலும் ஆறு ஊசியுடையது. அவற்றுள் இரண்டு மின்சாரஞ் சுமப்பன. அம்முனையைத் தலைகீழாக வலிந்து செருகினால், மின்சாரம் செல்லத்தகாத கம்பியிற் சென்று காமிராவின் உள்ளுறுப்பை எரித்துவிடும். இரண்டையும் அணைத்துவிட்டு இணைத்து, பின்னர்க் காமிராவையும் கணினியையும் இயக்குதலே காப்பு. அவசரக்காரர் இவ்விடத்திலேதான் காமிராவை மெய்யாகவே கொல்கின்றனர்.

புதுக் கணினிகளில் அம்முனை கிடையாது. யான் எங்கள் வீட்டு மாடியில் தூசு மூடிக் கிடந்த பழைய மேசைக் கணினியை இறக்கி, அதனுட் செருகத்தக்க ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் பழம்பொருட் கடையில் வாங்கிப் பொருத்தினேன். அதில் விண்டோஸ் 7 இருந்தது. அப்போதும் கணினி காமிராவைக் கண்டுகொள்ளவில்லை! கேபிளை மாற்றினேன், பயனில்லை. பின்னர் டிவைஸ் மேனேஜரிற் சென்று, 1394 கருவிக்குத் தானே அமைந்திருந்த டிரைவரை நீக்கி, ‘லெகசி’ எனக் குறிக்கப்பட்ட பழைய டிரைவரைத் தேர்ந்தேன், உடனே கண்டுகொண்டது. பல காமிராக்களுக்கு இம்மாற்றமே மருந்து. ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தமையாற்றான் எது மருந்தென்பதும் தெரிந்தது. கேபிள், கார்டு, டிரைவர் மூன்றையும் ஒருங்கே மாற்றியிருப்பின், மறுமுறை மீண்டும் இருளிலேயே துழாவ வேண்டியிருந்திருக்கும்.

பதிவு தொடங்கிற்று. ஆசிரியர் தாம் கலாசாலைக்கு வந்த முதல் நாளைச் சொல்லிக்கொண்டு வந்தனர். ஏறக்குறைய இருபது நிமிஷத்திற் கணினி நின்றுவிட்டது. மறுபடி தொடக்கத்தினின்று ஓட்டினேன். அதே வாக்கியத்தின் நடுவில் அதே இடத்தில் நின்றது. நாடா அவ்விடத்தில் அறுந்திருக்குமோவென அம்மையார் அஞ்சினர். யான் காமிராவைத் தனித்து ஓட்டிக் காட்டினேன். சொற்பொழிவு தடையின்றிச் சென்றது. குற்றம் யாதெனில், பதிவைச் சேமித்த டிஸ்க் ஃபேட்32 என்னும் முறைப்படி அமைந்தது. அம்முறையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைக் கடக்கலாகாது. மணிக்கு 13 கிகாபைட் என்றால் இருபது நிமிஷத்தில் நாலாம் கிகாபைட் நிரம்புமன்றோ? கணக்கு நம் கண்முன்னே நின்றும், பழியை நாடாவின்மேலிடவே மனம் விரைகின்றது. டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்தபின் முழுச் சொற்பொழிவும் ஒரே கோப்பாக வந்து சேர்ந்தது.

நிற்க. “இத்துணைப் பிரயாசை எதற்கு? காமிராவின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கேபிளைச் சிறு கருவியொன்றிற் செருகி யுஎஸ்பி வழியே ஏற்றலாமே” என்பார் உளர். வேறு கதியில்லாதார்க்கு அதுவும் நன்றே. அதனை யான் இகழேன். ஆயினும் அவ்வழியில் டிஜிட்டற் பதிவு அனலாக்காகித் திரும்பவும் டிஜிட்டலாகின்றது. படத்தின் கூர்மை குறையும். அதனினும் பெரிய இழப்பொன்று உளது. காமிராவின் கடிகாரம் சரியாக வைக்கப்பட்டிருப்பின், நாடாவிற் படத்தோடு அது பதிந்த நாளும் நேரமும் உடன் எழுதப்பட்டிருக்கும். ஃபயர்வயர் வழியே அவையும் வரும். மஞ்சட் கேபிளில் வாரா. குடும்பத்தார்க்கு இது சிறிதாகத் தோன்றலாம். கலாசாலையின் சரித்திரம் எழுதப் புகுவார்க்கோ, நாளறியாத படம் பாதிப் படமே.

கடையிற் கொடுத்தாற் போதாதா என்பதும் ஒரு கேள்வி. கொடுக்கலாம். ஆனாற் கொடுக்குமுன், எம்முனைவழி ஏற்றுவீர் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுதல் நலம்.

காலந் தாழ்த்தலாகாது என்பதற்குக் காரணமும் கூறுவேன். விண்டோஸ் 8 முதலாக அந்த ‘லெகசி’ டிரைவர் உடன் வருவதில்லை. தனியே தேடிப் பெறல் வேண்டும். ஆப்பிள் கணினிகளில் ஃபயர்வயர் முனை மறைந்து பல்லாண்டாயிற்று. இணைப்பான்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து ஒருவாறு சமாளித்து வந்தனர். 2025இல் வெளிவந்த டாஹோ என்னும் மேக் மென்பொருளில் ஃபயர்வயர் ஆதரவே நீக்கப்பட்டது. லினக்ஸ் பயில்வோர்க்கு மட்டும் டீவீகிராப் என்னும் சிறு மென்பொருள் இன்னும் கைகொடுக்கின்றது. நாடாவில் ஓடும் காமிராக்களைச் செய்வாரும் இலர். இருப்பவற்றின் ரப்பர் உருளைகளும் பற்சக்கரங்களும் நாடோறும் தேய்ந்து வருகின்றன.

ஆதலின் எமது கலாசாலை நூலகத்தில், ஃபயர்வயர் கார்டும் ஒத்த டிரைவரும் அமைந்த பழைய கணினியொன்றை, இன்டர்நெட்டோடு இணையாமல், இப்பணிக்கென்றே தனித்து வைத்தல் வேண்டுமென விண்ணப்பிக்கின்றேன். கம்ப்யூட்டர் லாபிற் கழித்து ஏலம் விடும் கணினிகளுள் ஒன்றே இதற்குப் போதும். ஒரு மணி நாடாவை ஏற்ற ஒரு மணி நேரமே ஆகும்; மாணவர் இருவர் முறைவைத்துச் செய்யின், கிறிஸ்மஸ் விடுமுறைக்குள் நூலக அலமாரியிலுள்ள கேசட்டுகள் முழுவதையும் ஏற்றிவிடலாம். அவற்றிற் கலாசாலை தின விழாக்களும், பாடகர் குழுவின் கிறிஸ்மஸ் கீதங்களும், இடித்துக் கட்டப்படுமுன் இருந்த பழைய விடுதியும் உள்ளனவெனக் கேசட்டின்மேல் ஒட்டிய சீட்டுகள் கூறுகின்றன.

அவ்வலமாரியில் மூன்று கேசட்டுகள் மட்டும் எம்மிடமுள்ள காமிராவில் ஓடவில்லை. அவை அமெரிக்காவினின்று வந்த பழைய மாணவரொருவர் 2005இல் தம் காமிராவாற் பதிந்தவை. அந்நாட்டு முறை என்டிஎஸ்சி; நம் நாட்டில் விற்ற காமிராக்களோ பால் முறையின. எம்மாசிரியர் அவ்வாண்டு விடுதி விருந்திற்கு வந்து பேசியது அவற்றுள் ஒன்றில் உளதென்று, உடனிருந்த நண்பர் சொல்கின்றனர். அமெரிக்காவில் வாங்கிய மினி-டீவீ காமிரா, ஓடும் நிலையில், வாசகர் எவரிடமேனும் இருப்பின், தமிழ்மன்றக் காரியதரிசிக்கு ஒரு வரி எழுதுமாறு வேண்டுகின்றேன். கேபிளும் கார்டும் எம்மிடமுண்டு.