சட்டையைப் பார்த்து எடை போடலாமா?

தீபாவளி நெருங்கினால் மதுரை விளக்குத்தூண் பக்கம் நடக்க இடம் இருக்காது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று சுற்று வட்டாரமே பஸ் ஏறி வந்து துணி எடுக்கும். அந்த நேரத்தில் விற்பனையாளர்கள் சிலர் செய்யும் தவறுகள் வாடிக்கையாளரை விரட்டி விடுகின்றன.

முதல் தவறு, உடையைப் பார்த்து ஆளை எடை போடுவது. பேன்ட் போட்டவருக்கு உடனே நாற்காலி வரும். பழைய வேட்டியும் துண்டுமாக வருபவர் ஒரு பட்டுச்சேலையைக் கை காட்டினால், "அது விலை ஜாஸ்திண்ணே, இதப் பாருங்க" என்று மலிவானதை எடுத்துப் போடுவார்கள். அவர் மகள் கல்யாணத்துக்கு மொத்த ஜவுளியும் எடுக்க வந்த விவசாயியாக இருக்கலாம். மனம் நொந்தால் அடுத்த கடைக்குப் போவார், ஊரிலும் போய்ச் சொல்வார். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறியது மதுரை மேலமாசி வீதியில்தான். ஆளின் மதிப்பு சட்டையில் இல்லை என்பதற்கு இந்த ஊருக்கு வேறு சாட்சி வேண்டுமா?

இரண்டாவது, பொய். 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை சுங்குடியின் அழகே கையால் போடும் முடிச்சுதான். அச்சடித்த புள்ளியைக் கைமுடிச்சு என்று விற்றால் ஒரு தடவைதான் விற்க முடியும்.

மூன்றாவது, கிழிசல் துணியைத் திருப்பிக் கொண்டு வந்தால் "விற்ற பொருள் வாபஸ் இல்லை" போர்டைக் காட்டுவது. பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு.

பழி முழுவதும் விற்பனையாளர் மீது அல்ல. நாள் முழுக்க நிற்பவரிடம் சிரித்த முகத்தை எதிர்பார்க்க முடியாது. கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்தது. ஊழியருக்கு ஒரு நாற்காலி, வேட்டி கட்டி வருபவருக்கும் ஒரு நாற்காலி. முதலாளிகள் இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.